இரண்டு விடைகளின் பொருள் ஒன்றா என்று மொழி மாடல் சொல்லுமா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஓர் எண்ணைப் பற்றிய கேள்வி. சிங்கப்பூரில் தொடக்கநிலை 5 மாணவர்களுக்குத் துணைப்பாடம் நடத்துகிறீர்கள். பத்தியைப் படித்து விடை எழுதும் சுயவிடைக் கருத்தறிதலில் பிள்ளைகள் எழுதும் விடைகளை மாதிரி விடையோடு ஒப்பிட ஒரு மொழி மாடலை, அதாவது ஏராளமான உரையைப் படித்து மொழியைக் கற்ற கணினி நிரலை, பயன்படுத்திப் பார்த்திருக்கிறீர்கள். 'தாத்தா ஏன் பேரனைத் தனியாகக் கடைக்கு அனுப்பவில்லை?' என்பது வினா. 'வழியில் பேரன் தொலைந்துவிடுவானோ என்று தாத்தா பயந்தார்' என்பது மாதிரி விடை. ஒரு மாணவி 'வழியில் தாத்தா தொலைந்துவிடுவாரோ என்று பேரன் பயந்தான்' என்று ஆளை மாற்றி எழுதியிருக்கிறாள். அதற்கு ஒப்புமை எண் 0.94 வந்தது. ஒரு மாணவன் 'அவனுக்கு ரூட் தெரியாது, காணாம போயிருவான்னு தாத்தாவுக்குக் கவலை' என்று எழுதியிருக்கிறான். அதற்கு 0.61. எத்தனைக்கு மேல் வந்தால் சரி என்று வைத்துக்கொள்ளலாம், தமிழுக்கு எந்த மாடல் நல்லது என்று கேட்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த எண் எதை அளக்கிறது? அது அளப்பதும் நீங்கள் விடைத்தாளில் தேடுவதும் ஒன்றுதானா?

நேர் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு விடைகளைப் பொறுத்தவரை எந்த எண்ணை எல்லைக்கோடாக வைத்தாலும் சரிவராது. 0.7 என்று வைத்தால் தவறான விடை தேறும், சரியானது விழும். 0.6க்கு இறக்கினால் இரண்டும் தேறும். 0.95க்கு ஏற்றினால் இரண்டும் விழும். வரிசையே தலைகீழாக இருக்கும்போது கோட்டை எங்கே நகர்த்தினாலும் பயனில்லை. நான் பல ஆண்டுகளாகத் தமிழ்த் தேடலிலும் ஆங்கிலம்-தமிழ் மொழிபெயர்ப்புச் சரிபார்ப்பிலும் இந்த வகை எண்களோடு வேலை செய்பவன். வகுப்பறையில் நின்று பாடம் சொன்னவன் அல்லன். ஆகவே அளவுகோலைப் பற்றி நான் உறுதியாகப் பேச முடியும். ஒரு பிள்ளையின் விடைக்கு எத்தனை மதிப்பெண் என்பதில் உங்கள் தீர்ப்புதான் முன்னிற்க வேண்டும்.

உங்களுக்கு அந்த எண்ணைத் தந்தது எம்பெடிங் மாடல் என்ற வகை. அது ஒரு வாக்கியத்தை வாங்கிக்கொண்டு எண்களின் வரிசை ஒன்றைத் திருப்பித் தருகிறது. கூகலின் லாப்சே மாடலில் ஒரு வாக்கியத்துக்கு 768 எண்கள். அவை எல்லாம் சேர்ந்து ஒரு திசையைக் காட்டும் அம்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் வெக்டர் என்கிறார்கள், பாடநூல் தமிழில் திசையன். இரண்டு வாக்கியங்களுக்கு இரண்டு அம்புகள், இரண்டும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புகின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட கோணத்தின் கொசைன்தான் உங்களுக்குக் கிடைத்த எண். இரண்டும் ஒரே திசையில் போனால் 1, செங்கோணத்தில் பிரிந்தால் 0, 60 பாகையில் 0.5. உங்கள் 0.94 ஏறத்தாழ 20 பாகை, 0.61 ஏறத்தாழ 52 பாகை. இதை விழுக்காடாகப் படிப்பதுதான் பெரும்பாலோர் முதலில் செய்யும் பிழை. 0.94 என்றால் பொருளில் 94 விழுக்காடு ஒன்று என்று ஆகாது.

ஒரு மாடலின் 0.8 இன்னொரு மாடலின் 0.8 அல்ல என்பதையும் உறுதியாகச் சொல்லலாம். மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பன்மொழி இ5 மாடலில் எண்கள் பெரும்பாலும் 0.7க்கும் 1க்கும் இடையில்தான் விழும். அதை உருவாக்கியவர்களே இது பயிற்சிமுறையால் வருவது, எதிர்பார்த்ததுதான், எண்ணின் உயரத்தைப் பார்க்காமல் எது மேலே எது கீழே என்ற வரிசையைப் பாருங்கள் என்று மாடலின் விளக்கக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்கள். கூகலின் பெர்ட் போன்ற மொழி மாடல்களின் அம்புகள் எல்லாப் பக்கமும் பரவி நிற்காமல் ஒரு குறுகிய கூம்புக்குள் அடைந்து கிடக்கின்றன என்பதை 2019இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கூம்புக்குள் இருக்கும் எந்த இரண்டு அம்புகளுக்கும் இடையில் கோணம் குறைவாகத்தான் இருக்கும். அதனால் தொடர்பே இல்லாத இரண்டு வாக்கியங்களுக்கும் பார்வைக்குப் பெரிய எண் வந்து நிற்கும். இணையத்தில் யாரோ '0.8க்கு மேல் என்றால் ஒரே பொருள்' என்று எழுதியிருந்தால் அது அவர் பயன்படுத்திய மாடலுக்கும் அவர் வைத்திருந்த வாக்கியங்களுக்கும் மட்டுமே பொருந்தும்.

இனி தலைகீழான விடைக்கு ஏன் அவ்வளவு உயர்ந்த எண் வந்தது என்று பார்ப்போம். இதில் கொஞ்சம் பொறுமையாக என்னோடு வாருங்கள், மற்றவை எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. ஒரு சொல்லின் பொருளை அதன் அக்கம்பக்கத்துச் சொற்களிலிருந்து அறியலாம் என்ற எண்ணம் 1950களிலேயே இருந்தது. அமெரிக்காவில் செல்லிக் ஹாரிஸ் 1954இலும் பிரிட்டனில் ஜே.ஆர். ஃபர்த் 1957இலும் அதை எழுதினார்கள். 2013இல் கூகலில் தோமஸ் மிக்கொலோவும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட வேர்ட்2வெக் அந்த எண்ணத்தைக் கணினியில் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. ஒரே மாதிரியான சூழலில் வரும் சொற்கள் அருகருகே போய் உட்காரும். இதில் தொடக்கத்திலிருந்தே ஒரு சிக்கல் உண்டு. 'கோழிச் சோற்றின் விலை ஏறியது', 'கோழிச் சோற்றின் விலை இறங்கியது' என்ற இரண்டிலும் 'ஏறியது', 'இறங்கியது' என்பவற்றின் அக்கம்பக்கம் ஒன்றேதான். எதிர்ச்சொற்கள் அண்டைவீட்டுக்காரர்கள் ஆகிவிடுகின்றன. தொடர்புடைமை வேறு, ஒத்த பொருள் வேறு. சூழலை மட்டும் பார்த்துக் கற்ற மாடலுக்கு அந்த வேறுபாடு தானாக வந்துவிடாது.

2018இல் வந்த பெர்ட், சொல்லை வாக்கியத்துக்குள் வைத்துப் படித்தது. 'ஆறு' என்பது எண்ணா, நதியா, தணியச் சொல்லும் ஏவலா என்று சுற்றிலும் பார்த்து முடிவுசெய்ய அதனால் முடிந்தது. ஆனால் அதன் வெளியீட்டை அப்படியே சராசரி எடுத்து வாக்கிய ஒப்புமைக்குப் பயன்படுத்தினால், அதற்கு முந்திய குளோவ் என்ற முறையின் சொல்வெக்டர்களின் சராசரியைவிடவும் மோசமாக வந்தது. இதை 2019இல் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தின் ரைமர்ஸும் குரேவிச்சும் அளந்து காட்டினார்கள். வாக்கியங்களை ஒப்பிட வேண்டும் என்றால் அதற்கென்றே தனிப் பயிற்சி வேண்டும் என்பது அவர்கள் சென்டன்ஸ்-பெர்ட் ஆய்வு தந்த பாடம். இன்று நாம் எடுத்துப் புழங்கும் எம்பெடிங் மாடல்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை.

அந்தத் தனிப் பயிற்சி எப்படி நடக்கிறது? ஒரு கூடைநிறைய வாக்கிய இணைகளைப் போடுகிறார்கள். கேள்வியும் அதன் பதிலும், ஆங்கில வாக்கியமும் அதன் தமிழ் மொழிபெயர்ப்பும் என்று ஒவ்வோர் இணையும் ஒன்றுக்கொன்று சொந்தம். ஒரு வாக்கியத்தைக் கையில் கொடுத்து, கூடையில் இதன் சொந்தக்காரர் யார் என்று மாடலிடம் கேட்கிறார்கள். சரியானதை அருகே இழுக்க வேண்டும், மற்றவற்றைத் தள்ளிவிட வேண்டும். இதைக் கோடிக்கணக்கான முறை செய்கிறார்கள். இப்போது மாடலின் இடத்தில் நின்று பாருங்கள். கையில் இருப்பது தாத்தா, பேரன், கடை, பயம் பற்றிய வாக்கியம். கூடையில் மற்றவை பங்குச்சந்தை, கால்பந்து, மழை, சமையல் குறிப்பு. தலைப்பைப் பிடித்தாலே விடை கிடைத்துவிடுகிறது. யார் பயந்தார், யார் தொலைவார் என்று பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. ஆள் மாறிய இரண்டு வாக்கியங்கள் ஒரே கூடையில் எதிரெதிரே நிற்பது மிக அரிது. எந்த வேறுபாட்டைக் கவனிக்காமலே ஆட்டத்தை வெல்ல முடிகிறதோ, அந்த வேறுபாட்டை மாடல் ஆழமாகக் கற்பதில்லை. உங்கள் மாணவியின் விடை 0.94 வாங்கியதற்கு நான் காணும் முதல் காரணம் இது.

ஆங்கிலத்திலும் இதே குறைதான். 2019இல் கூகல் ஆய்வாளர்கள் பாஸ் என்ற பெயரில் ஒரு தரவுத்தொகுப்பை வெளியிட்டார்கள். 'நியூயார்க்கிலிருந்து ஃபுளோரிடாவுக்கு விமானம்', 'ஃபுளோரிடாவிலிருந்து நியூயார்க்குக்கு விமானம்' என்பதுபோல ஒரே சொற்களை இடம்மாற்றி அடுக்கிய இணைகள் அதில் இருந்தன. அதுவரை முன்னணியில் இருந்த மாடல்கள் அதில் 40 விழுக்காடுகூடச் சரியாகச் சொல்லவில்லை. அந்த வகை இணைகளைக் கொண்டே பயிற்சி கொடுத்தபோது 85 விழுக்காட்டுக்கு ஏறின. மாடலால் கற்க முடியாத விஷயம் அல்ல இது, கற்பிக்கப்படாத விஷயம். தமிழில் இன்னும் கடினம். நாம் சொற்களை இடம் மாற்றினால் பொருள் மாறுவதில்லை. 'தாத்தா பயந்தார் பேரன் தொலைந்துவிடுவானோ என்று' என்றாலும் அதே பொருள்தான். யார் செய்தார் என்பதை நமக்குச் சொல்வது 'பயந்தார்', 'பயந்தான்' என்ற விகுதியும், வேற்றுமை உருபும், வாக்கியத்தில் எது எதோடு சேர்கிறது என்பதும். உங்கள் இணையில் பெயர்கள் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன, ஆனும் ஆரும் இடம் மாறியிருக்கின்றன, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. 768 எண்களுக்குள் அந்தச் சிறு மாற்றம் கரைந்துபோகிறது.

ஒப்புமை என்றாலே எதில் ஒப்பு என்று கேட்டாக வேண்டும். நம் மரபு இதைத் தெளிவாகச் சொல்லிவைத்திருக்கிறது. தொல்காப்பியம் உவமையியலின் தொடக்கத்திலேயே உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பிரிக்கிறது. செயலால் ஒப்பு, விளைவால் ஒப்பு, வடிவால் ஒப்பு, நிறத்தால் ஒப்பு. புலிபோலப் பாய்ந்தான் என்றால் பாய்ச்சலில்தான் ஒப்பு, கோடுகளில் இல்லை. கொசைன் எண் அந்த நான்கையும், அவற்றோடு தலைப்பு, நடை, நீளம், மொழி எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கி ஒரே எண்ணாக ஊற்றித் தருகிறது. நீங்கள் விடைத்தாளில் தேடுவது 'இந்தக் கூற்று அந்தக் கூற்றின் கருத்தைச் சொல்கிறதா' என்ற ஒன்றை மட்டும்.

அந்தக் கேள்விக்கு ஒரு திசையும் உண்டு. 'அம்மா தேக்காவில் மீன் வாங்கினார்' என்பதிலிருந்து 'அம்மா மீன் வாங்கினார்' என்பது பெறப்படும். திருப்பிப் போட்டால் பெறப்படாது, மீனைத் தோ பாயோவில் வாங்கியிருக்கலாம். கொசைனுக்கு இந்தத் திசை கிடையாது. முதலாவதை இரண்டாவதோடு ஒப்பிட்டாலும் இரண்டாவதை முதலாவதோடு ஒப்பிட்டாலும் ஒரே எண்தான் வரும். ஆனால் மதிப்பெண் போடுவது முழுக்க முழுக்கத் திசை உள்ள வேலை. மாதிரி விடையில் உள்ளது பிள்ளையின் விடையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிள்ளை கூடுதலாக எழுதியதற்கும் குறைத்து எழுதியதற்கும் விளைவு வேறு. இரண்டு கூற்றுகளை வைத்து ஒன்று மற்றதிலிருந்து பெறப்படுமா, முரண்படுமா, இரண்டுமில்லையா என்று சொல்லப் பயிற்சி பெற்ற மாடல்கள் தனியாக இருக்கின்றன. அதற்கான ஆங்கிலத் தரவு ஏராளம். ஸ்டான்ஃபோர்ட் 2015இல் வெளியிட்டதில் மட்டும் ஏறத்தாழ 5,70,000 இணைகள். 2018இல் இதே சோதனையை 15 மொழிகளுக்கு விரித்த எக்ஸ்என்எல்ஐ தொகுப்பில் இந்தியும் உருதும் உண்டு, தமிழ் இல்லை. 2022இல் வந்த இண்டிக்-எக்ஸ்என்எல்ஐ தமிழையும் சேர்த்துக்கொண்டது, இயந்திர மொழிபெயர்ப்பின் வழியாக. மொழிபெயர்ப்புத் தமிழில் படித்த மாடல் 'காணாம போயிருவான்னு' என்ற பேச்சைக் கேட்டுத் தடுமாறுவதில் எனக்கு வியப்பில்லை. இது நான் வேலையில் கண்டதிலிருந்து சொல்வது. ஒவ்வொரு மாடலிலும் எவ்வளவு தடுமாற்றம் என்பதை உங்கள் பிள்ளைகளின் விடைகளைக் கொடுத்துத்தான் அளக்க வேண்டும்.

அந்த மாணவனின் 0.61ஐப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அவன் விடையில் கருத்து முழுமையாக இருக்கிறது. யாருக்குக் கவலை, யாரைப் பற்றி, எதனால் என்ற மூன்றும் உண்டு. மாதிரி விடையோடு பொதுவாக இருக்கும் சொல் 'தாத்தா' ஒன்றுதான், அதுவும் 'தாத்தாவுக்கு' என்று மாறியிருக்கிறது. 'பேரன்' என்பதற்கு 'அவன்', 'வழி' என்பதற்கு 'ரூட்', 'தொலைந்துவிடுவான்' என்பதற்குக் 'காணாம போயிருவான்'. நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்டு வளரும் தமிழ் அது. சிங்கப்பூர்த் தமிழுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் செய்தித்தாளிலும் அறிவிப்புப் பலகையிலும் வரும் 'வீவக' (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), 'மசேநி' (மத்திய சேம நிதி), 'உணவங்காடி நிலையம்' போன்றவை இந்தியத் தமிழ்ப் பக்கங்களில் அரிது. இணையத் தமிழின் பெரும்பகுதியோ அங்கிருந்து வருவது. 'வீவக புளோக்கில் மின்தூக்கி பழுதாகிவிட்டது' என்ற வாக்கியத்தையும் 'எங்க புளோக்ல லிஃப்ட் கெட்டுப்போச்சு' என்பதையும் நமக்குள் யாரும் வேறாக நினைக்க மாட்டோம். மாடலுக்கு முதலாவதில் தெரியாத சுருக்கம், இரண்டாவதில் பழகாத எழுத்துநடை. இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்த அதற்குப் போதிய சான்றுகள் கிடைத்திருக்காது.

எந்த மாடல் என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல அறிவுள்ளவர்களே இதில் விழுந்து பார்த்திருக்கிறேன். பயிற்சிக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் ஆல்-மினிஎல்எம்-எல்6-வி2 ஆங்கிலத்துக்காகச் செய்தது. அதைத் தமிழுக்குப் போட்டாலும் பிழைச்செய்தி எதுவும் வராது, எண் வந்துகொண்டே இருக்கும். ஆனால் அதன் டோக்கன் பிரிப்பான், அதாவது உரையைச் சிறு துண்டுகளாக உடைக்கும் பகுதி, ஐரோப்பிய எழுத்துகளின் மேல் நிற்கும் ஒலிக்குறிகளை நீக்குவதற்காக யூனிகோடில் ஒரு வகைக் குறிகளை மொத்தமாகக் கழித்துவிடுகிறது. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும் ஈகாரக் குறியும் யூனிகோடின் வகைப்பாட்டில் அந்த வகையில்தான் இருக்கின்றன. அதனால் 'வீடு' உள்ளே நுழையும்போதே 'வடு' ஆகிவிடுகிறது. 'கீரை' 'கரை' ஆகிறது. 'மீன்' 'மன' ஆகிறது. இப்படிச் சிதைந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது. அதன் பன்மொழி உறவான பாராஃப்ரேஸ்-மல்டிலிங்குவல்-மினிஎல்எம் 50க்கும் மேற்பட்ட மொழிகளைப் பட்டியலிடுகிறது. இந்தி, குஜராத்தி, மராத்தி எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. தமிழைத் தன் பட்டியலில் வைத்திருக்கும் மாடல்களில் 109 மொழிகளுக்கான லாப்சே, பன்மொழி இ5, பிஜிஇ-எம்3 ஆகியவற்றை நான் பயன்படுத்துகிறேன். லாப்சே மொழிபெயர்ப்பு இணைகளைத் தேடுவதற்கென்றே செய்யப்பட்டது, அந்த வேலையில் அது நன்றாக உழைக்கிறது. இ5க்குக் கொடுக்கும்போது உரைக்கு முன்னால் அது கேள்வியா பத்தியா என்று சொல்லும் ஒட்டைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் தரம் குறையும்.

மாடலுக்குக் கொடுக்கும் முன் எழுத்தையும் ஒழுங்குபடுத்துங்கள். 'சிங்கப்பூர்' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, யூனிகோடில் 11 குறிகள், யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 33 பைட். ஆங்கிலத்தில் அதே பெயர் 9 பைட். இதனால் தமிழ்ச் சொற்கள் பெரும்பாலான மாடல்களில் அதிகத் துண்டுகளாக உடைகின்றன. துண்டுகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு, சில மாடல்களில் 128, பலவற்றில் 512. வரம்பைத் தாண்டிய பகுதி சொல்லாமல் கொள்ளாமல் வெட்டப்படும். ஒற்றை வரி விடைக்கு இது சிக்கல் இல்லை. கட்டுரையை முழுதாகக் கொடுத்தால் பிற்பகுதியை மாடல் படித்தே இருக்காது. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பும் காலும் என்று இரண்டாகவும் தட்டலாம். திரையில் வேறுபாடு தெரியாது, கணினிக்கு அவை வேறு. இரண்டையும் ஒரே வடிவாக்கும் என்எஃப்சி என்ற ஒழுங்கமைப்பை ஒருமுறை ஓட்டினால் இது தீரும். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டச்சான பழைய வினாத்தாள்கள் இருந்தால் அவற்றை முதலில் மாற்றிவிடுங்கள். 1997இல் இங்கே தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் மாநாட்டில் விவாதிக்கப்பட்ட குறியீட்டுச் சிக்கலின் எச்சம் இன்னும் நம் கோப்புகளில் கிடக்கிறது.

எண்களும் மறுப்பும்தான் என்னை நேரடியாகச் சுட்ட இடம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்காக ஆங்கிலத் துண்டறிக்கைகளையும் அவற்றின் தமிழாக்கத்தையும் ஒப்பிட்டுப் பிழை பிடிக்கும் வேலையில் இருந்தேன். ஒவ்வொரு வாக்கிய இணைக்கும் ஒப்புமை எண் கணக்கிட்டு, குறைந்தவற்றை மட்டும் ஆட்கள் படிப்பது என்று ஏற்பாடு செய்தது நான்தான். மத்திய சேம நிதி பற்றிய துண்டறிக்கையில் மாதந்தோறும் பணம் பெறத் தொடங்கும் வயது 65 என்று ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் 55 என்று விழுந்திருந்தது. நமக்குத் தெரியும், 55 வயதும் 65 வயதும் சேம நிதியில் இரண்டு வெவ்வேறு படிகள். அந்த வாக்கியம் மிக உயர்ந்த எண்ணோடு தேறிவிட்டது. அச்சுக்குப் போகும் முன் ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர் தற்செயலாகப் பார்த்து நிறுத்தினார். அன்றிலிருந்து எண்கள், தேதிகள், பெயர்கள் ஆகியவற்றைத் தனியாகப் பிரித்தெடுத்து நேருக்கு நேர் ஒப்பிடாமல் எந்தச் சரிபார்ப்பையும் நான் முடிப்பதில்லை. 'செய்யலாம்', 'செய்யக்கூடாது' போன்ற மறுப்பு வடிவங்களுக்கும் அப்படியே. இதற்கு மொழி மாடல் தேவையில்லை, சில வரி நிரல் போதும்.

உங்கள் நிலைமையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. எம்பெடிங் முறையின் பெரிய பலம் வேகம். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாக ஒரே ஒரு முறை படித்து அம்பைச் சேமித்துக்கொள்ளலாம், பிறகு அம்புகளை ஒப்பிடுவது நொடி வேலை. 10,000 வாக்கியங்களில் மிக நெருங்கிய இணையைக் கண்டுபிடிக்க பெர்ட்டுக்கு இரண்டிரண்டாகக் கொடுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 65 மணி நேரம் ஆகும், சென்டன்ஸ்-பெர்ட் முறையில் ஏறத்தாழ 5 நொடி என்று அந்த 2019 ஆய்வு கணக்கிட்டது. வேகத்துக்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. சேர்த்து வைத்துப் படிக்கும் மாடலால் இங்கே பயந்தவர் தாத்தா, அங்கே பயந்தவர் பேரன் என்று சொல்லுக்குச் சொல் ஒட்டிப் பார்க்க முடியும். உங்கள் வகுப்பில் 20 பிள்ளைகள், ஒரு மாதிரி விடை. அதாவது வினாவுக்கு 20 ஒப்பீடுகள். உங்களுக்கு வேகம் வேண்டியதில்லை. வேண்டாத வேகத்துக்காகக் கூர்மையைக் கைவிட எந்தக் காரணமும் இல்லை.

ஆகவே மதிப்பெண் தொடர்பாக ஏதாவது செய்துதான் பார்க்க வேண்டும் என்றால், உரையாடும் வகைப் பெரிய மொழி மாடலுக்கு வினா, பத்தி, மாதிரி விடை, மாணவர் விடை எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். 'எவ்வளவு ஒப்பு' என்று கேட்க வேண்டாம். மாதிரி விடையை உடைத்துக் கேளுங்கள். பயந்தவர் தாத்தா என்று இந்த விடை சொல்கிறதா? தொலையக்கூடியவன் பேரன் என்று சொல்கிறதா? ஆம் என்றால் விடையில் எந்தச் சொற்கள் அதைக் காட்டுகின்றன, எடுத்து எழுது. எடுத்துக் காட்டச் சொல்லும்போது அதன் தவறு உங்கள் கண்ணுக்கு உடனே தெரியும். ஏஐ சிங்கப்பூரின் சீ-லயன் மொழி மாடல் 11 மொழிகளோடு தொடங்கியபோது தமிழும் அவற்றில் ஒன்றாக இருந்தது, அதையும் முயன்று பார்க்கலாம். இப்படி நடுவராக நின்று தீர்ப்புச் சொல்லும் மாடல்களின் குறைகளும் ஆய்வுகளில் பதிவானவை. இரண்டு விடைகளைக் கொடுத்தால் எது முதலில் இருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறும், நீளமான விடைக்குச் சாய்வு உண்டு, ஒரே கேள்விக்கு இன்று ஒன்று நாளை ஒன்று சொல்லும். அதனால் ஒவ்வொரு விடையையும் தனியாகக் கொடுத்து, இரண்டு முறை கேட்டு, இரண்டும் மாறுபட்டால் நீங்கள் படியுங்கள். இரண்டும் ஒத்துப்போனாலும் இறுதி மதிப்பெண்ணை மாடலிடம் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பேச்சுத்தமிழில் எழுதிய பிள்ளைக்குக் கருத்து மதிப்பெண் குறைந்து, மேடைத்தமிழில் பிழையாக எழுதிய பிள்ளைக்குக் கூடினால், அந்தப் பிள்ளை தமிழைப் பற்றி என்ன நினைக்கும்?

எதைத் தேர்ந்தாலும் முதலில் ஒரு சிறு சோதனைத் தொகுப்பு செய்யுங்கள். பழைய விடைத்தாள்களிலிருந்து நூறு விடைகளை எடுங்கள். நீங்களும் இன்னோர் ஆசிரியரும் ஒருவர் போட்டதை ஒருவர் பார்க்காமல் மதிப்பெண் போடுங்கள். இருவரும் எங்கெங்கே வேறுபடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள், அங்கே கணினியிடம் தெளிவை எதிர்பார்க்க முடியாது. மீதியில் மாடலின் வரிசை உங்கள் வரிசையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை ஸ்பியர்மன் தரவரிசை ஒட்டுறவால் அளக்கலாம், விரிதாளில் கொஞ்ச நேர வேலை. ஆய்வுலகமும் இப்படித்தான் அளக்கிறது. 2012 முதல் 2017 வரை ஆண்டுதோறும் நடந்த செம்எவல் போட்டிகளில் மனிதர்கள் வாக்கிய இணைகளுக்கு 0 முதல் 5 வரை போட்ட மதிப்பெண்ணோடுதான் மாடல்கள் ஒப்பிடப்பட்டன. இணையத்தில் காணும் தரவரிசைப் பட்டியல்களில் ஆங்கிலத்தின் எடை அதிகம், அங்கே முதலிடத்தில் நிற்பது உங்கள் வகுப்பிலும் முதலில் நிற்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தொகுப்பில் பொறிகளையும் வையுங்கள். ஆள் மாறியது, மறுப்பு சேர்ந்தது, எண் மாறியது, பேச்சுத்தமிழில் சரியாக எழுதியது என்று வகைக்குப் பத்து போதும். எல்லைக்கோடு தேவைப்பட்டால் அதையும் இதிலிருந்தே, வினாவுக்கு வினா தனியாக எடுங்கள்.

எம்பெடிங்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பிள்ளைகளின் விடைகளை ஒத்தவை ஒன்றாக வரும்படி அடுக்கிவைத்து நீங்கள் படித்தால், ஒரே வகைத் தவறு செய்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வருவார்கள், அடுத்த பாடத்தில் எதைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று தெரியும். பல ஆண்டு வினாத்தாள்களில் முதியோர் பற்றிய பத்திகளை எல்லாம் தேடி எடுப்பதற்கும் இது அருமையான கருவி. தேடலில் ஒன்றிரண்டு தவறி வந்தால் தள்ளிவிட்டுப் போகலாம், யாருக்கும் நட்டமில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்களா என்று அறிவதற்கு மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டாம். ஒரே வினாவுக்குச் சரியாக எழுதிய எல்லோரின் பொருளும் நெருங்கித்தான் இருக்கும். அதற்கு அடுத்தடுத்து வரும் எழுத்துகளும் சொற்களும் அப்படியே ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் பழைய முறையே பொருத்தம்.

விடைகளை வெளிச் சேவை எதிலும் ஏற்றும் முன் பெயர், பள்ளி, வகுப்பு எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் துணைப்பாட நிலையங்களுக்கும் பொருந்தும், பெற்றோர் நம்பிக்கையும் அதில் அடங்கியிருக்கிறது. நான் மேலே சொன்ன எம்பெடிங் மாடல்களை உங்கள் மடிக்கணினியிலேயே இறக்கி ஓட்ட முடியும், எதுவும் வெளியே போகாது. சோதனைத் தொகுப்பைத் தொடங்கும்போது உங்களிடம் இருக்கும் அந்த இரண்டு விடைகளையும் முதல் இரண்டு வரிகளாகப் போடுங்கள். புதிய மாடல் எது வந்தாலும் முதலில் அவற்றைக் கொடுங்கள். மாணவனின் விடை மேலேயும் மாணவியின் விடை கீழேயும் வந்தால், மற்ற 98 விடைகளையும் ஓட்டிப் பார்க்க அது தகுதி பெற்றது என்று வைத்துக்கொள்ளலாம்.